மரணத்துக்கு இரண்டாவது கையெழுத்து

வியாபாரம் செய்கிறவர்களுக்கு ஒரு விஷயத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கல்லாப் பெட்டியின் சாவியை வைத்திருப்பவரே பேரேட்டையும் எழுதி, வருஷ முடிவில் அவரே அதைச் சரிபார்த்து, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று அவரே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தால், அந்தக் கணக்கைப் பங்குதாரர் எவரும் ஏற்றுக்கொள்ளமாட்டார். எழுதியவர் மிகவும் நாணயமானவராக இருக்கலாம். ஆயினும் கணக்கு எழுதுபவர் ஒருவர், அதைத் தணிக்கை செய்பவர் வேறொருவர் என்பதே தொழில் முறை. நாணயமானவரின் நல்ல பெயரைக் காப்பாற்றுவதும் இந்த முறைதான்.

சரக்குக்கும் பணத்துக்கும் இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கும் உலகத்தில், மனித உயிரின் கடைசிக் கணக்கு எப்படி முடிக்கப்படுகிறது? ஒருவர் எதனால் இறந்தார் என்பதை எழுதுகிறவர் யார்? அதைச் சரிபார்க்கிறவர் யார்? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மிக நெடுங்காலமாக, வைத்தியம் பார்த்த டாக்டரே மரணத்தின் காரணத்தை எழுதிக் கையெழுத்திடுவார். அத்துடன் கணக்கு முடிந்துவிடும். 2024-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 9-ந் தேதி அந்த வழக்கம் சட்டப்படி முடிவுக்கு வந்தது. அன்று முதல் அங்கே நிகழும் ஒவ்வொரு மரணத்தையும், இறந்தவரின் வைத்தியத்தில் சம்பந்தப்படாத மூத்த டாக்டர் ஒருவர் தனித்து நின்று பரிசீலிக்க வேண்டும். கொரோனர் என்னும் மரண விசாரணை அதிகாரியின் கைக்குப் போகும் மரணங்கள் மட்டுமே இதற்கு விலக்கு.

நம்மவர்களின் பிள்ளைகள் அந்நாட்டில் படிக்கிறார்கள். உறவினர்கள் குடியேறி வாழ்கிறார்கள். ஆகவே இச்சட்டத்தின் விவரத்தை அறிந்து வைத்திருப்பது நமக்கும் பயன் தரும். அதைவிட முக்கியமானது, இச்சட்டம் பிறந்த காரணம். ஆகையால் முதலில் அதைப் பார்ப்போம்.

ஒற்றைக் கையெழுத்தின் கதை

மான்செஸ்டர் நகருக்கு அருகில் ஹைட் என்ற சிறிய ஊர் இருக்கிறது. அவ்வூரில் 1977-ம் ஆண்டு முதல் ஹெரால்ட் ஷிப்மன் என்பவர் டாக்டராகத் தொழில் நடத்தி வந்தார். அதற்கு முன்பே, பெத்திடின் என்ற மயக்க மருந்தைத் தமக்காகப் பெறுவதற்குப் பொய்ச் சீட்டுகள் எழுதிய குற்றத்துக்காக 1976-ல் அபராதம் செலுத்தியவர் அவர். ஆனால் ஹைட் ஊரார் அவரிடம் பெரும் மதிப்பு வைத்திருந்தனர். கூப்பிட்டால் வீட்டுக்கே வருவார், வயதானவர்களிடம் பொறுமையாகப் பேசுவார் என்று புகழ்ந்தனர்.

அந்த நம்பிக்கையின் மறைவில் அவர் செய்தது கொலை. நோயாளிகளுக்கு டயமார்ஃபின் என்ற மருந்தை அதிக அளவில் ஊசி மூலம் செலுத்திக் கொன்றார். இறந்தவர்களில் பெரும்பாலோர் வயது முதிர்ந்த பெண்கள். கொன்றவரே டாக்டர், ஆகவே இறந்த காரணத்தை எழுதியவரும் அவரே. இருதய நோய் என்றோ, முதுமை என்றோ எழுதிக் கையெழுத்திட்டார். ரிஜிஸ்ட்ரார் அதைப் பதிவு செய்துகொண்டார். எல்லாம் சட்டப்படியே நடந்தது!

1998-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அதே ஊரில் வேறொரு வைத்திய நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் லிண்டா ரெனால்ட்ஸ் என்ற பெண்மணி, ஷிப்மனின் நோயாளிகள் இறக்கும் விகிதம் மிக அதிகமாக இருப்பதைக் கண்டு கொரோனரிடம் முறையிட்டார். போலீசார் விசாரித்தனர், போதிய ஆதாரம் இல்லையென்று ஏப்ரலில் விசாரணையைக் கைவிட்டனர். அதன் பிறகும் மூன்று பேர் கொல்லப்பட்டனர். கடைசியாக, அவ்வூரின் முன்னாள் மேயரான 81 வயது மூதாட்டி ஒருவர் ஜூன் மாதம் இறந்தார். அவருடைய சொத்தைத் தமக்கு எழுதிவைத்ததாக ஷிப்மன் ஒரு கள்ள உயிலைத் தயாரித்திருந்தார். மூதாட்டியின் மகள் வக்கீல். அவர் அந்த உயிலைக் கண்டதும் சந்தேகம் கொண்டார். உடல் தோண்டி எடுக்கப்பட்டது. அதில் மருந்து இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. செப்டம்பர் மாதம் 7-ந் தேதி ஷிப்மன் கைதானார்.

2000-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி, 15 பேரைக் கொன்றதாகப் பிரெஸ்டன் நகர நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் நீதிபதி ஜேனட் ஸ்மித் அம்மையாரின் தலைமையில் நடந்த பொது விசாரணை, கொலையுண்டவர்கள் 215 பேர் என்று 2002-ல் அறிவித்தது. மேலும் 45 மரணங்களில் பலத்த சந்தேகம் உண்டு என்றும் கூறியது. ஷிப்மன் 2004-ல் சிறையில் தற்கொலை செய்துகொண்டார்.

அவரைக் காட்டிக் கொடுத்தது கள்ள உயில். மரண சர்டிபிகேட் அன்று. பணக் கணக்கில் செய்த புரட்டு சில வாரங்களில் பிடிபட்டது. உயிர்க் கணக்கில் செய்த புரட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடிபடாமல் கிடந்தது. இதை வாசகர்கள் சற்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும்.

இருந்த காவல் ஏன் உதவவில்லை?

"அந்நாட்டில் இரண்டாவது டாக்டரின் கையெழுத்து முன்பு கிடையாதா?" என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் தகனம் செய்யப்படும் உடல்களுக்கு மட்டுமே இருந்தது. எரித்துவிட்டால் பிறகு பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சாது என்பதால், தகனத்துக்கென ஏற்பட்ட 1903-ம் ஆண்டு விதிகள் இரண்டாவது டாக்டர் ஒருவரின் அத்தாட்சியைக் கேட்டன. அதற்கு மேல், தகனசாலையைச் சேர்ந்த டாக்டர் ஒருவரும் தாள்களைப் பார்த்து அனுமதி தரவேண்டும். ஆக, தகனத்துக்கு மூன்று கைகள். அடக்கத்துக்கோ ஒரே கை. மண்ணில் அடக்கம் செய்யும் முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும் மற்றவர்களுக்கும் இரண்டாவது பார்வை என்பதே இருக்கவில்லை.

சரி, மூன்று கைகள் இருந்த இடத்திலாவது காவல் பலித்ததா? இல்லை. ஷிப்மனால் கொல்லப்பட்டவர்களில் பலர் தகனம் செய்யப்பட்டவர்களே. அந்தத் தாள்கள் ஒவ்வொன்றிலும் இரண்டாவது டாக்டர் கையெழுத்திட்டிருந்தார். பின் ஏன் பிடிபடவில்லை?

முதலாவது, இரண்டாவது டாக்டரைத் தேடிக்கொள்பவர் பெரும்பாலும் முதல் டாக்டரே. தணிக்கைக்காரரைக் கணக்குப்பிள்ளையே அமர்த்திக்கொள்வது போன்றது அது. இரண்டாவது, அவர் முதல் டாக்டர் சொன்னதைக் கேட்டாரேயன்றி நோயாளியின் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்ப்பது அரிது. மூன்றாவது, குடும்பத்தாரிடம் பேச வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. "காலையில் கடைக்குப் போய் வந்தார், பிற்பகலில் டாக்டர் வந்து போன பிறகு இறந்து கிடந்தார்" என்று ஒரு மகளோ அண்டை வீட்டாரோ சொல்லியிருக்கக்கூடிய ஒரு வாக்கியம், கேட்பாரின்றி வீணாயிற்று.

இந்தத் தாளுக்குக் குடும்பத்தாரிடம் கட்டணமும் வாங்கப்பட்டது. பிற்காலத்தில் ஒரு தாளுக்கு 82 பவுன் வீதம் இரண்டு டாக்டர்களும் பெற்றனர். டாக்டர்களே இதற்குக் கேலியாகச் சாம்பல் காசு என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருந்தனர். கையெழுத்துக்குக் கூலி கிடைத்தது. கையெழுத்துக்குரிய வேலை நடக்கவில்லை.

ஆகவே, ஒரு கையெழுத்துக்குப் பதிலாக இரண்டு கையெழுத்து இருந்தால் மட்டும் போதாது. இரண்டாவது கை முதல் கைக்குக் கட்டுப்படாததாக இருக்கவேண்டும், ஏட்டைத் திறந்து பார்க்கவேண்டும், வீட்டாரைக் கேட்கவேண்டும். இம்மூன்றும் இல்லாத கையெழுத்து வெறும் மையே ஆகும்.

சட்டம் வந்த வழி

நீதிபதி ஜேனட் ஸ்மித் அம்மையார் 2003-ம் ஆண்டு வெளியிட்ட மூன்றாவது அறிக்கையில், மரணத்தை அத்தாட்சி செய்யும் முறையையே அடியோடு மாற்றவேண்டுமென்று கூறினார். 2009-ம் ஆண்டு பார்லிமெண்ட் நிறைவேற்றிய சட்டம் மரணங்களைப் பரிசீலிக்கும் டாக்டர் பதவிக்கு இடம் கொடுத்தது. ஷெஃபீல்டு, கிளாஸ்டர் முதலிய இடங்களில் சோதனை முறையில் வேலையும் நடந்தது. ஆனால் நாடு முழுவதற்கும் அமலாக்குவது தள்ளிக்கொண்டே போயிற்று.

இதற்கிடையில் வேறு துயரங்களும் வெளிவந்தன. ஸ்டாஃபோர்டு நகர ஆஸ்பத்திரியில் நோயாளிகள் கவனிப்பாரற்றுக் கிடந்ததைப் பற்றி 2013-ல் ஒரு பொது விசாரணை அறிக்கை வந்தது. மோர்கம் குடாப் பகுதியில் தாய்மாரும் சிசுக்களும் இறந்ததைப் பற்றி 2015-ல் மற்றொன்று வந்தது. காஸ்போர்ட்டில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியில், தேவையின்றிக் கொடுத்த கடுமையான வலி மருந்துகளால் 450-க்கும் மேற்பட்டவர்களின் ஆயுள் குறைந்ததென 2018-ல் இன்னொன்று கூறியது. இவை ஷிப்மனைப் போன்ற தனி மனிதரின் கதைகள் அல்ல. அசட்டையும், பழக்கமும், மேலிடத்தின் மௌனமும் செய்த வேலை. இவ்விடங்களில் குடும்பத்தார் பலர் ஆண்டுக்கணக்கில் முறையிட்டும் கேட்பார் இல்லை. கொலைகாரரைப் பிடிப்பதைவிட, அசட்டையை முதல் மரணத்திலேயே கண்டுகொள்வதற்கே இப்பரிசீலனை அதிகம் தேவைப்படுகிறது என்பது இதனால் விளங்கியது.

2019-ம் ஆண்டு இங்கிலாந்தின் பெரிய ஆஸ்பத்திரிகளில் சட்டக் கட்டாயமின்றி இம்முறை தொடங்கிற்று. டாக்டர் ஆலன் ஃபிளெட்சர் இதற்குத் தேசியத் தலைவராக நியமிக்கப்பட்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பரில், ஆஸ்பத்திரியோ வீடோ முதியோர் இல்லமோ, எங்கு நிகழ்ந்த மரணமாயினும் சட்டப்படி பரிசீலிக்கப்பட வேண்டியதாயிற்று. தகனத்துக்கென இருந்த இரண்டாவது டாக்டரின் தாள் 2022-லேயே நிரந்தரமாக நீக்கப்பட்டது. முதல் டாக்டரின் தாளும் 2024-ல் நீக்கப்பட்டது. இப்போது அடக்கமோ தகனமோ, எல்லோருக்கும் ஒரே முறைதான். புதிய பரிசீலனைக்குக் குடும்பத்தார் காசு எதுவும் செலுத்த வேண்டியதில்லை.

இப்போது நடக்கும் முறை

இவர்களை அந்நாட்டார் மெடிக்கல் எக்ஸாமினர் என்பர். நாம் பரிசீலனை டாக்டர் என்று சொல்லலாம். குறைந்தது ஐந்து ஆண்டுகள் டாக்டராக முழுப் பதிவு பெற்றிருக்கவேண்டும். நடைமுறையில் நல்ல அனுபவமுள்ள மூத்தவர்களே பெரும்பாலும் இருக்கிறார்கள். இதையே முழு நேர உத்தியோகமாகச் செய்பவர் அரிது. வாரத்தில் சில வேளைகள் இவ்வேலைக்கு, மற்ற நேரம் தம் சொந்த வைத்தியத்துக்கு. தாம் வைத்தியம் பார்த்த நோயாளியின் மரணத்தைப் பரிசீலிக்கும் உரிமை இவர்களுக்கு இல்லை.

ஒருவர் இறந்தால், அவரைக் கவனித்து வந்த டாக்டர் காரணத்தை எழுதி, வைத்தியக் குறிப்புகளுடன் பரிசீலனை அலுவலகத்துக்கு அனுப்புகிறார். அங்கே மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன. இவர் எதனால் இறந்தார்? இதைக் கொரோனருக்கு அறிவிக்க வேண்டுமா? வைத்தியத்தில் ஏதேனும் குறை நேர்ந்ததா?

இவற்றுக்கு விடை காண மூன்று வழிகள் உண்டு. குறிப்புகளைப் படிப்பது ஒன்று. கவனித்த டாக்டருடன் கலந்து பேசுவது மற்றொன்று. குடும்பத்தாருடன் பேசுவது மூன்றாவது. பரிசீலனை டாக்டரோ, அவருடைய அலுவலகத்து உத்தியோகஸ்தரோ குடும்பத்தாரைப் பெரும்பாலும் டெலிபோனில் அழைத்து, எழுதப்பட்ட காரணத்தை விளக்குவார். பிறகு, "உங்களுக்கு ஏதேனும் சந்தேகம் உண்டா? கவனிப்பில் குறை எதையாவது கண்டீர்களா?" என்று கேட்பார். ஷிப்மன் காலத்தில் கேட்கப்படாத கேள்வி இதுவே.

ஓர் உதாரணம் கூறுவோம். முதியவர் ஒருவர் நிமோனியாவினால் இறந்தார் என்று டாக்டர் எழுதுகிறார். அது பொய் அன்று. ஆனால் பரிசீலனை அலுவலகத்திலிருந்து அழைத்தபோது மகன் சொல்கிறார்: "ஒரு மாதத்துக்கு முன் வார்டில் கட்டிலிலிருந்து விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது, அதற்குப் பின் எழுந்திருக்கவே இல்லை." உடனே கணக்கு மாறுகிறது. விபத்தினால் நேர்ந்த மரணத்தைக் கொரோனருக்கு அறிவித்தாக வேண்டும். அல்லது, "என் தகப்பனார் கப்பல் கட்டும் துறையில் ஆஸ்பெஸ்டாஸுடன் வேலை செய்தவர்" என்று ஒரு மகள் சொல்கிறார். தொழிலால் வந்த நோயானால் அதுவும் கொரோனருக்குப் போகவேண்டியதே. குடும்பத்தார் நஷ்டஈடு கேட்பதற்கும் அது ஆதாரமாகும்.

ஒன்றைத் தெளிவாக அறிந்து கொள்ளவேண்டும். பரிசீலனை டாக்டர் உடலை அறுப்பவர் அல்லர். அவருடைய வேலை தாளையும் வாய்மொழியையும் கொண்டே நடைபெறுவது. தண்டனை விதிப்பவரும் அல்லர். வைத்தியத்தில் குறை கண்டால் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குத் தெரிவிப்பார். சட்டப்படி விசாரிக்க வேண்டியதானால் கொரோனரிடம் ஒப்படைப்பார். ஐயமில்லையென்றால் தாமும் கையெழுத்திட்டு ரிஜிஸ்ட்ராருக்கு அனுப்புவார். அதன் பிறகே மரணப் பதிவு நடைபெறும்.

அடக்கத்தின் அவசரம்

இங்கேதான் நம் சமூகத்துக்கு ஒரு கவலை எழுகிறது. ஜனாஸாவைத் தாமதப்படுத்தாமல் விரைவில் அடக்கம் செய்வது நம் வழக்கம். ஒரு கைக்குப் பதில் இரண்டு கை என்றால் நேரமும் இரட்டிக்குமே! இக்கவலை ஆதாரமற்றது அன்று. சட்டம் அமலான தொடக்கத்தில் பதிவுக்கு முன்னையைவிட நாட்கள் அதிகமாயின என்ற குறை அந்நாட்டில் பல பக்கங்களிலிருந்து வந்தது. முஸ்லிம்களும் யூதர்களும் இதைச் சட்டத்துக்கு முன்பே எடுத்துக் கூறினர்.

அதன் பயனாக, மார்க்க வழக்கப்படி உடலை விரைவில் பெறவேண்டிய குடும்பங்களுக்குப் பரிசீலனை டாக்டர்கள் எவ்வாறு உதவவேண்டும் என்பதற்குத் தேசிய அலுவலகம் வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டது. பல இடங்களில் வாரக் கடைசியிலும் விடுமுறை நாட்களிலும் இதற்கென ஏற்பாடு உண்டு. ஆனால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை. மரணப் பதிவு முழுமையாக முடிவதற்கு முன்பே, அடக்கத்துக்கு அனுமதிக்கும் பச்சைத் தாளை ரிஜிஸ்ட்ரார் கொடுக்க இடமுண்டு. கேட்பவருக்கே இது கிடைக்கும். கேளாதவர் வரிசையில் காத்திருக்க நேரிடும்.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். முன்பு அடக்கம் செய்பவர்களுக்கு ஒரே ஒரு கையெழுத்துத்தான் இருந்தது என்பதை மேலே கண்டோம். அவசரம் நம்முடையது, காவல் மற்றவர்களுடையது என்ற நிலை அது. இறந்தவருக்கு நாம் செய்யவேண்டிய கடமை குளிப்பாட்டுவதும், கஃபனிடுவதும், தொழுவிப்பதும், அடக்குவதும் மட்டுமல்ல. அவருக்கு அநீதி ஏதும் நேர்ந்திருந்தால் அது மண்ணோடு மறைந்துவிடாமல் பார்ப்பதும் வாரிசுகளின் பொறுப்பே. ஒரு டெலிபோன் அழைப்புக்கு நிதானமாகப் பதில் சொல்ல ஆகும் நேரம், அந்தப் பொறுப்பை நிறைவேற்றும் நேரமாகும்.

இன்னும் உள்ள குறை

எந்தத் தணிக்கையிலும் வியாபாரி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தணிக்கைக்காரருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்?" இங்கிலாந்தில் பரிசீலனை டாக்டர்களைப் பெரும்பாலும் வேலைக்கு வைத்திருப்பது ஆஸ்பத்திரி நிர்வாகங்களே. அதே ஆஸ்பத்திரியில் நிகழ்ந்த மரணத்தை அவர்கள் பரிசீலிக்கிறார்கள். இதற்கு ஈடாக, தொழில் முறையில் அவர்கள் ஆஸ்பத்திரி மேலாளருக்கன்றி, வட்டாரத் தலைமைப் பரிசீலனை டாக்டருக்கும், அவர் வழியாகத் தேசியத் தலைவருக்கும் பொறுப்பாளிகள் என்று வைத்திருக்கிறார்கள். வேல்ஸிலோ, தனித்தனி ஆஸ்பத்திரிகளின் கீழ் வைக்காமல் நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு ஸ்தாபனத்தின் கீழ் வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்து வேறு வழியில் சென்றது. அங்கே 2015-ம் ஆண்டு மே மாதம் முதல் எல்லாச் சர்டிபிகேட்டுகளையும் பாராமல், சிலவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துப் பரிசீலிக்கிறார்கள்.

எந்த ஏற்பாடானாலும், சக டாக்டரைக் கேள்வி கேட்கும் துணிவு அப்பதவியில் இருப்பவருக்கு வேண்டும். டாக்டர் ரெனால்ட்ஸுக்கு எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை. மனச்சாட்சியே அவரைக் கொரோனரிடம் அனுப்பியது. அத்தகைய துணிவு தற்செயலாக ஒருவரிடம் இருப்பதை நம்பியிராமல், அதைக் கடமையாகவே ஆக்கியதுதான் புதிய சட்டத்தின் சிறப்பு.

நினைவில் கொள்ளவேண்டியவை

அங்கே வாழும் நம் உறவினருக்கு எழுதும்போது பின்வருவனவற்றைத் தெரிவிப்பது நல்லது.

1. மரணம் நேர்ந்தவுடன், விரைவாக அடக்கம் செய்யவேண்டிய முறை நம்முடையது என்பதை ஆஸ்பத்திரி வார்டிலும், குடும்ப டாக்டரிடமும், பரிசீலனை அலுவலகத்திலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

2. அழைப்பு வரும்போது பேசுவதற்குக் குடும்பத்தில் விவரம் அறிந்த ஒருவரை ஏற்படுத்தி, அவருடைய டெலிபோன் எண்ணைக் கொடுத்து வைக்கவேண்டும். ஆங்கிலம் தெரிந்த பையன் என்பதற்காக மட்டும் ஒருவரை நிறுத்தக்கூடாது. நோயாளியின் அருகில் இருந்தவரின் சொல்லே முக்கியம்.

3. விழுந்தது, அடிபட்டது, மருந்து மாற்றியது, பழைய தொழில் முதலியவற்றைத் தாமாகவே சொல்லவேண்டும். "இறந்தவர் இறந்துவிட்டார், இனி எதற்கு?" என்று மறைக்கக்கூடாது. குறை ஏதும் இல்லையானால் அதையும் சொல்லலாம். நன்றாகக் கவனித்த தாதியருக்கு அது நன்றியாகப் போய்ச் சேரும்.

4. எழுதப்பட்ட காரணம் விளங்காவிட்டால், விளங்கும்வரை கேட்கவேண்டும். பரம்பரையாக வரும் நோயானால் பிள்ளைகளுக்கு அது எச்சரிக்கை.

5. கொரோனர் உடற்பரிசோதனைக்கு உத்தரவிட்டால் அதைத் தடுக்கும் உரிமை குடும்பத்துக்கு இல்லை. ஆனால் சில பகுதிகளில் அறுக்காமல் ஸ்கேன் மூலம் பரிசோதிக்கும் வசதி உண்டு. அதை உடனே கேட்டுப் பார்க்கவேண்டும்.

முடிவாக ஒரு வார்த்தை. மரணக் கணக்கைச் சரிபார்ப்பதால் இறந்தவர் மீளப்போவதில்லை. ஆனால் ஹைட் ஊரில் முதல் சில மரணங்களுக்கே இப்படி ஒருவர் ஏட்டைத் திறந்து வீட்டாரைக் கேட்டிருந்தால், பின்னால் இறந்த எத்தனையோ தாய்மார் தம் முழு ஆயுளையும் வாழ்ந்திருக்கக்கூடும். இறந்தவரைப் பற்றிக் கேட்கும் கேள்வி, இருப்பவரின் உயிரைக் காக்கிறது. அந்தக் கேள்வி நம் வீட்டுக்கு வரும் நாளில், அவசரத்தாலோ தயக்கத்தாலோ அதைத் தட்டிக் கழிக்காமல் உண்மையைச் சொல்வோமாக.